பையும் ஆளும்: தாம்பரம் வழியாக ஒரு ரத்த வரலாறு

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் இன்றும் 'ரெண்டு பாட்டில் ரத்தம் ஏத்தணும்னு டாக்டர் சொல்லிட்டாரு' என்றுதான் பேச்சு. பாட்டில் போய்ப் பிளாஸ்டிக் பை வந்து வெகுகாலம் ஆகிறது. பையில் இருப்பதும் பெரும்பாலும் முழு ரத்தமல்ல. ஒருவரிடமிருந்து 350 அல்லது 450 மில்லி எடுத்து, எந்திரத்தில் சுழற்றிப் பிரித்துவிடுகிறார்கள். சிவப்பணு குளிர்பெட்டியில், சேர்க்கும் திரவத்தைப் பொறுத்து, 35 நாளோ 42 நாளோ தாங்கும். தட்டணுவை அறை வெப்பத்தில் ஆட்டிக்கொண்டே வைக்க வேண்டும். ஆயுள் ஐந்து நாள். பிளாஸ்மா உறைநிலையில் ஓராண்டு கிடக்கும். சிவப்பணு ரத்தசோகை கண்ட கர்ப்பிணிக்குப் போகும். தட்டணு, புற்றுநோய் மருந்தால் அணுக்கள் இறங்கிப்போனவருக்கு. பிளாஸ்மாவிலிருந்து எடுக்கும் கிரையோ, உறைகாரணி மருந்து கிடைக்காத ஹீமோபிலியா பையனுக்கு. (டெங்கு சீசனில் எண்ணிக்கை குறைந்ததுமே 'பிளேட்லெட் வேணும்' என்று ஊரெல்லாம் அலைவதும், ரத்தக்கசிவு இல்லாதவருக்கு அதை ஏற்றிப் பயனில்லை என்று ஆய்வுகள் சொல்வதும் தனிக்கதை.)

இப்படிப் பிரிக்கப் பிரிக்க, கொடுத்த ஆள் மறைந்துபோகிறார். ஒரு வகையில் இது எனக்கு உவப்பானதே. 1901இல் லாண்ட்ஸ்டைனர் ரத்த வகைகளைப் பிரித்துக் காட்டியபோது அவை குலத்துக்கோ கோத்திரத்துக்கோ கட்டுப்படவில்லை. 'எங்க ரத்தம்டா' என்று மீசை முறுக்குகிறவரும் அவசரத்துக்கு ஓ பாசிட்டிவ் என்று மட்டும் எழுதிய பையைத்தான் ஏற்றிக்கொள்கிறார். யாருடையது என்று கேட்பதில்லை. சாதியின் ரத்தத் தூய்மைப் புனைவு அந்த ஊசிமுனையில் உடைகிறது. ஆனால் ஆள் மறைவதற்கு இன்னொரு முகமும் உண்டு. இக்கட்டுரை அதைப் பற்றியது.

ரத்தம் விற்ற காலத்திலிருந்து தொடங்கலாம். அரசு ஆவணங்கள் அவர்களைத் 'தொழில்முறைக் கொடையாளர்' என்றன. விற்பவரை எப்படிக் கொடையாளர் என்பது? வயிற்றுப்பாட்டுக்கு உடம்பை விற்றவனை அந்தச் சொல்லாடல் ஒரு கையால் வள்ளலாக்கி, மறுகையால் நோய்க்கிடங்காக்கியது. காசுக்கு வாங்கும் ரத்தம் பாதுகாப்பற்றது என்று ரிச்சர்ட் டிட்மஸ் 1970இலேயே வாதிட்டுவிட்டார். இங்கே 'காமன் காஸ்' அமைப்பு தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 ஜனவரி 4 அன்று, இரண்டாண்டுக்குள் ரத்த விற்பனை ஒழிய வேண்டும், உரிமமில்லாத ரத்த வங்கிகள் மூடப்பட வேண்டும் என்றது. தேவையான தீர்ப்பு, மறுக்கவில்லை. ஆனால் அதன் கவலை ரத்தம் ஏற்றிக்கொள்பவரின் பாதுகாப்பு. மாதக்கணக்கில் விற்று வெளிறிப்போன ஆள் அதற்குப்பின் என்ன ஆனான் என்பது யாருடைய கவலையாகவும் ஆகவில்லை. விலைக்கு வாங்க முடியாமல் போனதும் 'சொந்தக்காரங்க யாராவது ரெண்டு பேரைக் கூட்டிட்டு வாங்க' என்ற வழக்கம் வலுத்தது. ஆள் இல்லாத ஏழை பாடு திண்டாட்டம்.

இதற்குப் பத்தாண்டு முன்பே இன்னொரு ரத்தம் எடுக்கப்பட்டிருந்தது. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனீதி சாலமனின் வழிகாட்டலில் ஆய்வு செய்த நிர்மலா, மயிலாப்பூர்க் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளர் பெண்களின் ரத்தத்தையும் சேகரித்தார். வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தபோது எச்.ஐ.வி. இந்தியாவில் முதன்முதலாகத் தெரியவந்தது. மருத்துவ வரலாற்றில் அது துணிச்சலான வேலை. வேறு யாரும் தேடாத நேரத்தில் அவர்கள் தேடினார்கள். ஆயினும் எதற்காக ரத்தம் எடுக்கிறார்கள் என்பது அந்தப் பெண்களுக்குத் தெரியாது. ஃபூக்கோ 'பாலியலின் வரலாறு' முதல் தொகுதியில் (1976), ரத்தத்தின் குறியீடுகளால் ஆண்ட சமூகம், பாலியலைக் கண்காணித்து ஆளும் சமூகம் என்று இரண்டைப் பிரித்துப் பேசுகிறார். காப்பகத்தில் இரண்டும் ஒரே ஊசியில் சேர்ந்துகொண்டன.

1989 முதல் தானமாகப் பெறும் ரத்தத்துக்கு எச்.ஐ.வி. சோதனை கட்டாயமானது. எப்படி நடந்தது என்பதைக் கவனியுங்கள். பைக்குச் சோதனை, தொற்று தெரிந்தால் பையை அழித்துவிட வேண்டும். கொடுத்தவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெயரோடு தொடர்புபடுத்தாத சோதனை என்று இதற்கு நாகரிகமான பெயர் வைத்திருந்தார்கள். ரகசியத்தைக் காப்பாற்றுகிறோம் என்றார்கள். யாரிடமிருந்து? அவரிடமிருந்தேதான். 2002ஆம் ஆண்டின் தேசிய ரத்தக் கொள்கைக்குப் பிறகுதான் கொடையாளர் விரும்பினால் முடிவைச் சொல்லி ஆலோசனை மையத்துக்கு அனுப்பும் ஏற்பாடு வந்தது.

அதுவரை இப்படிச் சொல்லப்படாமல் விடப்பட்டவர்கள், நோய் முற்றிய பிறகு எங்கே வந்து சேர்ந்தார்கள்? தாம்பரம் சானடோரியத்துக்கு. 1928இல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து காசநோய்க்காகத் தொடங்கிய இடம். (இங்கிலாந்தில் அவர் நடத்திய சானடோரியத்தில்தான் 1917இல் கணிதமேதை ராமானுஜன் சிகிச்சை பெற்றார்.) 1937இல் அரசு எடுத்துக்கொண்டது. ஊருக்கு வெளியே, மரங்களுக்கு நடுவே, நல்ல காற்றுக்காக என்று கட்டினார்கள். ஊர் தன்னைப் பாதுகாத்துக்கொள்ளவும் அது வசதியாயிற்று. ரத்தம் கக்குபவர்களின் இடம் என்று பேர்பெற்ற அங்கே 1993 முதல் எச்.ஐ.வி. நோயாளிகளைச் சேர்க்கத் தொடங்கினார்கள். மற்ற ஆஸ்பத்திரிகள் கையைத் தட்டிவிட்டவர்களையெல்லாம் தாம்பரம் வாங்கிக்கொண்டது, நாட்டின் மிகப்பெரிய எச்.ஐ.வி. சிகிச்சை மையங்களில் ஒன்றானது. 2004 ஏப்ரலில் அரசு இலவசக் கூட்டுமருந்து தொடங்கிய எட்டு மருத்துவமனைகளில் அதுவும் ஒன்று. அம்மருந்துகளில் ஒன்றான சிடோவுடின் எலும்பு மஜ்ஜையைப் பாதித்து சிலருக்குக் கடும் ரத்தசோகை உண்டாக்கும். அவர்களுக்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். யாருடைய ரத்தத்தைச் சமூகம் விஷம் என்றதோ அவர்களே அடுத்தவரின் பைக்குக் காத்துக்கிடந்தார்கள். 'பாதுகாப்பான ரத்தம்' என்று சொல்லும்போது நாம் இவர்களைக் கொடுக்கும் பக்கத்து ஆபத்தாக மட்டுமே நினைக்கிறோம். வாங்கும் பக்கத்தில் அவர்களும் நிற்கிறார்கள்.

2017இல் வந்த கொடையாளர் தேர்வு விதிகள் அந்த நினைப்பை எழுத்தில் வைத்தன. திருநங்கைகள், ஆணோடு உறவுகொள்ளும் ஆண்கள், பாலியல் தொழிலாளர் பெண்கள் ரத்தம் தரக்கூடாது. நடத்தையை அல்ல, ஆளின் வகையையே விலக்கும் விதி. இதை எதிர்த்து மணிப்பூரின் சாந்தா குராய் 2021இல் உச்சநீதிமன்றம் போனார்.

விதி வந்த மறு ஆண்டில் தெற்கே, விருதுநகர் மாவட்டத்தில் நடந்தது வேறு. 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ரத்தசோகை கண்ட ஒரு கர்ப்பிணிக்குச் சிவகாசி ரத்த வங்கியிலிருந்து வந்த ரத்தம் ஏற்றப்பட்டது. அதில் எச்.ஐ.வி. இருந்தது. கொடுத்தவர் ஓர் இளைஞர். 2016இலேயே அவர் ரத்தம் கொடுத்திருந்தார், அப்போதே தொற்று தெரிந்திருந்தது. செய்தி அவரிடம் போய்ச் சேரவில்லை. 2002இன் கொள்கை காகிதத்தில் இருந்தது. பழைய பழக்கம் ஆய்வுக்கூடத்தில் இருந்தது. வெளிநாட்டு வேலைக்கான மருத்துவச் சோதனையில்தான் அவருக்கே விஷயம் தெரிந்தது. தெரிந்ததும், நான் குடுத்த ரத்தம் இருக்கே, அதை யாருக்கும் ஏத்திடாதீங்க என்று ரத்த வங்கிக்குத் தெரிவித்தவர் அவர்தான். அதற்குள் ஏற்றியாயிற்று. செய்தி ஊரெல்லாம் பரவிய சில நாட்களில் அவர் விஷம் குடித்து, டிசம்பர் 30 அன்று மதுரை அரசு மருத்துவமனையில் இறந்துபோனார். அந்தப் பெண்ணுக்கு அடுத்த மாதம் குழந்தை பிறந்தது; குழந்தைக்குத் தொற்றில்லை என்று பின்னால் தெரிந்தது. ஆய்வுக்கூட ஊழியர்கள் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். மாநிலம் முழுக்க ரத்த வங்கிகளில் இருந்த பைகளை மறுபடி சோதிக்கச் சொன்னார்கள். பைகளைத்தான்.