பாகாலா ஜங்ஷனின் தமிழ்

பாகாலாவில் வண்டி மாறுபவர்கள் இரண்டு வகை என்பார் எங்கள் தாத்தா. தர்மாவரம் பக்கத்திலிருந்து வந்து, திருப்பதிக்கு மொட்டை போடப் போகிறவர்கள் ஒரு வகை. காட்பாடிப் பக்கத்திலிருந்து வந்து, மதனப்பள்ளிக்கு இருமிக்கொண்டே போகிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகையிடம் தெலுங்கு, இரண்டாம் வகையிடம் தமிழ். தாத்தா அந்த ஸ்டேஷனில் போர்ட்டர். மூட்டை தூக்கிச் சம்பாதித்த அளவுக்கு வழி சொல்லியும் சம்பாதித்தவர்.

தென்னிந்திய ரயில்வே 1890களின் தொடக்கத்தில் விழுப்புரத்திலிருந்து வேலூர், காட்பாடி, பாகாலா வழியாகத் தர்மாவரம் வரைக்கும் மீட்டர் கேஜ் பாதை போட்டது. திருப்பதி, கூடூர் போகும் தடம் பாகாலாவில்தான் பிரிந்தது. மாந்தோப்பும் கரும்புக் கொல்லையும் சூழ்ந்த சிற்றூர் அப்படித்தான் ஜங்ஷன் ஆனது.

இருமுகிறவர்கள் வரத் தொடங்கியது 1915க்குப் பிறகு. அந்த வருஷம் மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. பல கிறிஸ்தவ மிஷன்கள் சேர்ந்து நடத்திய மருத்துவமனை அது; முதல் தலைமை மருத்துவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஃபிரிமோட்-மொல்லர். காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து வராத காலம். மேட்டு நிலத்தின் காய்ந்த காற்று, ஓய்வு, நல்ல சாப்பாடு இவைதான் பெரும்பாலும் வைத்தியம், அதுவும் மாதக்கணக்கில். சென்னை மாகாணத்தின் தமிழ்க் குடும்பங்கள் நோயாளியைக் கைத்தாங்கலாகப் பிடித்தபடி பாகாலாவில் இறங்கும். அடுத்த வண்டி எந்தப் பிளாட்பாரம், வெந்நீர் எங்கே கிடைக்கும், மதனப்பள்ளி ரோடு ஸ்டேஷனில் இறங்கியதும் வண்டிக்காரனிடம் என்ன சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்ல ஒரு வாய் தேவைப்பட்டது. தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடியும் வாய் அது. எனக்கு வாய்த்திருப்பதும் அதுதான்.

இந்த வாயை நான் வெகுகாலம் குறையாகத்தான் நினைத்தேன். ஊரில் தெலுங்குப் பிள்ளைகள், தமிழ் பேசுகிறவர்கள் என்பதால் எங்களை ‘அரவம்’ என்றார்கள். நர்ஸிங் படிக்க வேலூருக்கு வந்தேன். விடுதியில், தெலுங்குக்காரி என்று கேலியாக, ‘கொல்ட்டி’ என்றார்கள். ‘இல்லையா’ என்பதற்குத் தெலுங்கில் சொல்வதுபோல், ‘வந்துட்டாங்க கதா’ என்று நான் வாக்கியத்தை முடித்தால் அறையே சிரிக்கும். அந்தக் ‘கதா’வை நாக்கிலிருந்து சுரண்டி எடுக்கப் பெரும்பாடு பட்டேன். யார் பேசுவதையும் கவனித்து, அவர்களைப் போலவே பேசிப் பழகினேன். அதனாலேயே பேச்சு குறைந்து போனது.

எங்கள் ஊரின் வரலாற்றைப் படித்தபோதுதான் எனக்குத் தெளிவு வந்தது. தாத்தா பிறந்தபோது எங்கள் வீடு வட ஆற்காடு ஜில்லாவில் இருந்தது. அதன் தலைநகரே அப்போது சித்தூர்தான். 1911 ஏப்ரல் 1 அன்று சித்தூர் தனி ஜில்லாவானது. சித்தூர், பலமனேர், சந்திரகிரி தாலுக்காக்கள் வட ஆற்காட்டிலிருந்து வந்தன. மதனப்பள்ளியும் வாயல்பாடும் கடப்பையிலிருந்து வந்தன. அப்பா பிறந்தது அந்தச் சித்தூர் ஜில்லாவில், சென்னை மாகாணத்தில். 1953 அக்டோபரில் ஆந்திர மாநிலம் பிறந்தது. நான் பிறந்தது அதற்கப்புறம். 2022லிருந்து திருப்பதி மாவட்டம். வீடு இருந்த இடத்திலேயே இருந்தது, விலாசம்தான் மாறிக்கொண்டே வந்தது.

ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. அது இல்லாவிட்டால் 1960இல் திருத்தணி தமிழகத்துக்குத் திரும்பியிருக்காது. ஆனால் எல்லைக்கோடு விழுந்த அந்த வருஷங்களில்தான் எங்களைப் போன்றவர்களிடம் ‘நீ எந்தப் பக்கம்?’ என்ற கேள்வி வந்தது. அதற்கு முன் பல நூற்றாண்டுகள் இந்த மண்ணில் அப்படி யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. தொல்காப்பியப் பாயிரம் தமிழுக்கு வட எல்லையாகச் சொல்வது வேங்கடத்தை, அதாவது திருப்பதி மலையை. அதே வேங்கடத்தில்தான் அன்னமாச்சார்யரின் தெலுங்குக் கீர்த்தனைகள் செப்பேடுகளில் வெட்டி வைக்கப்பட்டிருந்தன. கோயில் சுவர்க் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழ். 1513இல் மலையேறிய கிருஷ்ணதேவராயர் தம் கொடையைத் தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று பல மொழிகளில் பொறிக்கச் செய்தார். பேரரசனின் கல்லில் பல மொழி இருந்தால் பெருமை, போர்ட்டர் பேத்தியின் நாக்கில் இருந்தால் குறையா? இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்ட பிறகுதான் பழையபடி வாய்விட்டுப் பேச ஆரம்பித்தேன்.

வேலூர் மருத்துவமனைகளுக்குச் சித்தூர், மதனப்பள்ளி, கதிரி, கடப்பை ஜனங்கள் தாத்தா காலத்துக்கு முன்பிருந்தே வருகிறார்கள். டாக்டர் ஐடா ஸ்கடர் 1900இல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் தொடங்கிய காலத்திலிருந்து அந்த வழி நின்றதில்லை. படிப்பு முடிந்து நானும் அங்கேயே நர்ஸாக இருந்தபோது, என் வார்டில் கதிரிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் ‘கடுபு’ ‘கடுபு’ என்று முனகிக்கொண்டிருந்தார். புதிதாகச் சேர்ந்த பெண் நீர்க்கடுப்பு என்று குறிப்பெழுதப் போனாள். அவர் சொன்னது வயிற்றை. “தாத்தா, ஏ பக்க நொப்பி?” என்று கேட்டேன். வலது பக்கம் கீழே கையை வைத்துக் காட்டினார். அதற்குப் பிறகு டாக்டர் கேட்க வேண்டியதை எல்லாம் அவரிடம் நான்தான் கேட்டேன். எந்தப் பாடத்திலும் எனக்கு இது வரவில்லை. பிளாட்பாரத்தில் தாத்தா பேசியதைக் கேட்டு வந்தது. அவர் மூட்டை தூக்கிய மீட்டர் கேஜ் பாதை 2010 வாக்கில் முழுவதும் அகலப் பாதை ஆகிவிட்டது. ஜனங்கள் வருவது மட்டும் குறையவில்லை.

ஓய்வு பெறுவதற்குச் சில வருஷம் முன்பு பலமனேரிலிருந்து ஒரு பெண் பயிற்சிக்கு வந்தாள். யார் பேசினாலும் தலையாட்டுவாள், பதில் வராது. அந்த மௌனம் எனக்கு நன்றாகத் தெரிந்த மௌனம். அவளை வெளிநோயாளிகள் பதிவு செய்யும் இடத்தில், ஆந்திராவிலிருந்து கூட்டம் வந்து நிற்கும் ஜன்னலில் உட்கார வைத்தேன். “அவங்க சொல்றத முதல்ல அவங்க வார்த்தையிலயே எழுதும்மா, உனக்குத்தான் அது புரியும்” என்றேன். மத்தியானத்துக்குள் பக்கத்து ஜன்னல்களின் வரிசை கரைந்து அவள் முன்னால் வந்து நின்றது. “இங்கயே போட்டுருங்க அக்கா, என்னை மாத்தாதீங்க” என்றாள். அந்தப் பயிற்சி முடியும்வரை அவளை நான் மாற்றவில்லை.