சைக்கிளை விட்டு இறங்க மறுத்தவர்கள்

'உணர்வுத் திறன்' பற்றி இன்று ஜொகூர் பாரு அலுவலகங்களிலும் பாசிர் கூடாங் தொழிற்சாலைகளிலும் பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன. அமெரிக்க உளவியலாளர்கள் பீட்டர் சலோவி, ஜான் மேயர் 1990-இல் இதைப் பற்றி எழுதினார்கள். 1995-இல் டேனியல் கோல்மன் எழுதிய புத்தகம் இதை உலகமெங்கும் பரப்பியது. ஆனால், வேலையிடத்தில் மனிதனை மனிதனாக மதிக்க வேண்டும் என்று நம் தோட்டப் பாட்டாளிகள் ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்கு முன்பே கேட்டுவிட்டார்கள்.

ஜொகூரின் குளுவாங், சிகாமட், லாபிஸ் ஆகட்டும், சிலாங்கூரின் கிள்ளான் ஆகட்டும், ரப்பர்த் தோட்ட நிர்வாகம் எங்கும் ஒரே மாதிரிதான். மேலே வெள்ளைக்காரத் துரை, அவருக்குக் கீழே கிராணி, அடுத்து கங்காணி, கடைசியில் பால்மரம் வெட்டுகிறவர். பாட்டாளியின் குறை இத்தனை பேரைத் தாண்டித் துரையின் காதுக்குப் போக வேண்டும். பாதி வழியிலேயே அமுங்கிப் போனவை எத்தனையோ!

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி கேட்டார்கள். கூடவே வேறு சிலவும் கேட்டார்கள். துரைமார் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும். பெண்களிடம் முறைகேடாக நடப்பது நிற்க வேண்டும். கொடுமைப்படுத்தும் ஊழியர்களை நீக்கி, தமிழ் பேசுபவர்களை அமர்த்த வேண்டும். கூலியைத் தவிர மற்றவற்றுக்கு நிர்வாகம் பெரிதாக என்ன செலவழித்திருக்கும்?

ஆயினும் அதிகாரிகள் இதைக் கலகமாகவே பார்த்தார்கள். 'தமிழ் நேசன்' நாளிதழில் பணியாற்றிய ஆர்.எச். நாதன் போராட்டத்தின் தலைவர். மே மாதம் அவரைக் கைது செய்தார்கள். பிறகு நாடு கடத்தினார்கள். கைதுக்குப் பின் போராட்டம் மேலும் பரவியது. இராணுவம் வந்தது. தொழிலாளர் ஐவர் உயிரிழந்தனர். உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டிருந்தால் தீர்ந்திருக்கக்கூடிய குறைகளும் அங்கே இரத்தத்தில் முடிந்தன.

போருக்குப் பின் தொழிற்சங்கங்கள் வளர்ந்தன. 1954-இல் தோட்டத் தொழிலாளர் சங்கங்கள் ஒன்றிணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி. நாராயணன் அதன் தலைமையை ஏற்றார். பாட்டாளியின் குரல் நிர்வாகத்தோடு பேசும் மேசைக்கு வந்தது.

பின்னாளில் பல ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைத் தோட்டங்களாயின, சில, குடியிருப்புகளாயின. அன்று பால்மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகளில் பலர் இன்று தொழிற்சாலைகளில் சூப்பர்வைசர்கள். அவர்களுக்குக் கீழே நேப்பாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள் வேலை செய்கிறார்கள். மொழி புரியாத அந்த இளைஞன் தயங்கி நிற்கும்போது, நாம் அவனிடம் துரையாக நடந்துகொள்கிறோமா? தாத்தா எதற்காகச் சைக்கிளை விட்டு இறங்க மறுத்தார் என்பதை அப்போது ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும்.