ஷின்சானுக்கு விழுந்த கத்திரி
1990-ல் யோஷிட்டோ உசுய் 'கிரேயான் ஷின்-சான்' காமிக்ஸை வரைந்தது பெரியவங்க படிக்கிற ஒரு ஜப்பானிய வார இதழுக்கு. அஞ்சு வயசுப் பொடியன் பெரியவர்களின் மானத்தை வாங்குவதுதான் அதில் நகைச்சுவையே. 1992-ல் கார்ட்டூன் ஆனது. 2006-ல் ஹங்காமா டிவி அதைத் தமிழ் பேச வைத்து, கிருஷ்ணன்கோவில் மாதிரி ஊர்களின் கேபிள் வரைக்கும் கொண்டுவந்து குழந்தைகள் முன்னால் வைத்தது. சரக்கு அதேதான், கடைதான் மாறிப்போச்சு.

பெண்களிடம் வழிவதும் டவுசரை அவிழ்த்து ஆடுவதும் பெற்றோரை உறுத்த, 2008-ல் மத்திய அரசு தடை போட்டது. அடுத்த வருஷமே வெட்டுப்பட்டுத் திரும்பி வந்தான். பின்பக்கம் போச்சு. அம்மா மிசாயே மண்டையில் போடுகிற குட்டும், பலூன் மாதிரி வீங்குகிற புடைப்பும் மட்டும் அப்படியே இருந்தன. அது நம்ம வீட்டுலயும் நடக்கிறதுதானே, யாருக்கு உறுத்தும்?