செய்யூர் வேதாளங்களும் அச்சேறிய அச்சமும்

செங்கற்பட்டு மாவட்டத்தில் மாமல்லபுரத்திற்குத் தெற்கே கடலோரப் பகுதியில் உள்ள செய்யூரின் கந்தசுவாமி கோயில், முருகனுக்கு உரியதாயினும், அதன் வெளிப்புறத்தில் நாட்டப்பட்டுள்ள 27 வேதாளக் கற்களாலேயே பெரிதும் அறியப்படுகிறது. நட்சத்திரத்திற்கு ஒன்றாக அமைந்த இக்கற்களுள் தத்தம் பிறந்த நட்சத்திரத்திற்குரியதைத் தேடி, பைரவருக்கு உகந்த தேய்பிறை அட்டமியன்று அன்பர்கள் வழிபடுகின்றனர். வேதாளம் என்பது சுடுகாட்டில் உலவிப் பிணத்துள் புகுந்து அதை எழுப்பும் பூதகணம்; சிவனுக்கும் பைரவருக்கும் ஏவல் செய்யும் இக்கணம் இங்கே காவல் தெய்வமாக நிற்கிறது. தமிழர் விரும்பிப் படித்த பேய்க்கதைகளின் வரலாற்றிலும் வேதாளத்திற்கு இத்தகைய இரட்டை முகமே உண்டு.

பேயை இலக்கியத்தில் முழு உருவோடு உலவவிட்டவர்களுள் ஒருவர் சயங்கொண்டார். முதற்குலோத்துங்கனின் கலிங்க வெற்றியைப் பாடும் கலிங்கத்துப்பரணியில், பசியால் வாடிய பேய்கள் போர்க்களத்தில் மாண்டவர்களின் பற்களை அரிசியாகக் கொண்டு, முரசை உரலாகவும் யானைக் கொம்பை உலக்கையாகவும் ஆக்கிக் குற்றிக் கூழ் சமைக்கின்றன. கேட்போர் அருவருப்பதற்குள் சிரிப்பு முந்திக்கொள்ளும்.

வேதாளக் கதையோ வேறு போக்கினது. 11ஆம் நூற்றாண்டுக் காசுமீரத்துச் சோமதேவரின் வடமொழிக் கதாசரித்சாகரத்திலும் இடம்பெற்ற இக்கதைத்தொகுதி, தமிழில் விக்கிரமாதித்தன் கதையின் பகுதியாக வேரூன்றியபோது, வடமொழியின் சிம்சபா மரம் நம் கொல்லைப்புறத்து முருங்கையாயிற்று. தலைகீழாகத் தொங்கும் பிணத்தை வெட்டி வீழ்த்தி மன்னன் தோளில் சுமந்து நடக்க, அதனுள்ளிருந்து வேதாளம் ஒரு வழக்கைச் சொல்லித் தீர்ப்புக் கேட்கும். விடை தெரிந்தும் மௌனம் காத்தால் தலை வெடிக்கும், வாய் திறந்தாலோ வேதாளம் மீண்டும் மரம் ஏறிவிடும். தந்தை ஒருவன் ஒரு பெண்ணையும், அவன் மகன் அவளுடைய தாயையும் மணந்தால், பிறக்கும் பிள்ளைகளுக்குள் என்ன உறவு என்ற கடைசிப் புதிரில்தான் மன்னன் விடை தெரியாது நடந்தான். அந்த மௌனத்திற்கு மகிழ்ந்த வேதாளமே, தன்னைக் கொண்டுவரச் சொன்ன துறவி மன்னனைப் பலியிட எண்ணியிருப்பதைச் சொல்லி, அவனை எப்படி வீழ்த்துவது என்றும் கற்பிக்கிறது. சுடுகாடும் பிணமும் கதையின் சட்டகமே; உள்ளிருப்பது தர்மநியாய விசாரணை. இதை வெறும் பயங்கரக் கதை என்று ஒதுக்கிய புலமையாளர் அதன் பாதியைத்தான் பார்த்தனர் எனலாம்.

சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனிப் பணியாற்றிய பெஞ்சமின் கை பாபிங்டன் தமிழ் வேதாளக் கதையை ஆங்கிலமாக்கி 1831இல் இலண்டனில் வெளியிட்டார். மாமல்லபுரச் சிற்பங்களையும் கல்வெட்டுகளையும் ஆராய்ந்து அவர் எழுதிய கட்டுரை அதற்கு முந்தைய ஆண்டில் அச்சாகியிருந்தது. பல்லவ கிரந்த எழுத்தைப் படித்துக்காட்டிய முன்னோடிகளுள் அவரும் ஒருவர். கம்பெனிப் பணிக்குப் பின் மருத்துவராகித் தொண்டையின் உட்புறத்தைக் காணும் கருவி ஒன்றையும் வடிவமைத்த இம்மனிதருக்கு, பாறையிலிருந்த எழுத்தும் பிணம் சொன்ன கதையும் ஒருசேர ஆர்வமூட்டியதில் வியப்பில்லை.

தமிழ்நாட்டில் இக்கதையைப் பரப்பியவை, எழுத்துக்கூட்டிப் படிப்போரும் படிக்கும்படி பருத்த எழுத்தில் மலிவாக அச்சிடப்பட்ட 'பெரிய எழுத்து'ப் புத்தகங்கள். ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் சூழ்ந்து கேட்பதற்கு ஏற்றவை அவை. 1940களில் புதுமைப்பித்தன் 'காஞ்சனை'யில் பேயை நடுத்தர வர்க்க வீட்டிற்குள் கொண்டுவந்து, நடந்தது மெய்யா மனமயக்கமா என்று தீர்க்காமலே விட்டபோது, தனியே அமர்ந்து மௌனமாகப் படிப்பவருக்கான அச்சம் தமிழில் பிறந்தது.

வேதாளம் அப்பாதையில் செல்லவில்லை. 1947இல் நாகிரெட்டியும் சக்கரபாணியும் சென்னையில் தொடங்கிய அம்புலிமாமா இதழ் அதைச் சிறுவர்களுக்கு உரியதாக்கியது. உருவிய வாளோடு, தோளில் வெளிறிய உடலைச் சுமந்து நடக்கும் மன்னனை வரைந்த ஓவியர் சங்கரின் சித்திரம், பக்கத்தைப் புரட்டும் முன்னரே நெஞ்சைப் படபடக்க வைத்தது. மூலக்கதைகள் இருபத்தைந்தே ஆதலால், அவை தீர்ந்த பின் ஆசிரியர் குழுவினர் புதுக்கதைகளை வேதாளத்தின் வாயில் வைத்தனர்; மன்னனும் இதழ்தோறும் தவறாமல் விடை சொல்லி, பல்லாண்டுகள் முருங்கை மரத்திற்கே திரும்பிக்கொண்டிருந்தான்.