தலைக்கு அளவான கவசம்

நெல் விளையும் எங்கள் நாட்டில் தலையிற் பாரம் ஏற்றுவது பழைய வழக்கம். அறுவடைக் காலத்தில் கட்டுத் தூக்கும் பெண்கள் முதலில் பழந்துணியை முறுக்கிச் சும்மாடு கட்டிக்கொள்வார்கள். அது சற்றுத் தளர்ந்திருந்தாலும் பிரித்து மறுபடியும் சுற்றுவார்கள். ஒருத்தியின் சும்மாட்டை இன்னொருத்தி இரவல் வாங்கி நான் கண்டதில்லை. தலைக்குத் தலை அளவு வேறு என்பதை அவர்களுக்கு யாரும் பாடம் நடத்திச் சொல்லவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் பாடம் நடத்திய எனக்கோ அது தெரியாமற் போயிற்று. மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் அணியும் தலைக்கவசம் வளர்ந்த வரலாற்றோடு என்னுடைய அந்தப் பிழையையும் சேர்த்து நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

நான் சிறுவனாக இருந்த நாளில் தஞ்சைச் சீமையில் மோட்டார் சைக்கிள் அபூர்வம். சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் இருந்த என்பீல்டு தொழிற்சாலையின் புல்லட் வண்டி எப்போதாவது எங்கள் ஊர் வழியே போகும். அது ஆற்றுப் பாலத்தில் ஏறும்போதே சத்தம் கேட்டு நாங்கள் தெருவுக்கு ஓடுவோம். ஓட்டுபவர் தலையில் துண்டை முண்டாசாகக் கட்டியிருப்பார். வெயிலுக்கும் புழுதிக்கும் அது போதுமானது. விழுந்தால் தலை என்னாகும் என்று அன்று எவரும் நினைத்ததில்லை. 1980-இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்த பிறகு நிலைமை மாறியது. உழவரும் பால்காரரும் வாத்தியாரும் எல்லோரும் இரண்டு சக்கரத்தில் ஏறிவிட்டோம். முண்டாசு மட்டும் மாறவில்லை.

மேல்நாட்டிலும் கவசம் எளிதில் தலையேறிவிடவில்லை. இங்கிலாந்தில் புரூக்லாண்ட்ஸ் பந்தயக் களத்தில் மருத்துவராக இருந்த எரிக் கார்டினர், தலையடிபட்ட ஓட்டிகளை அடிக்கடி கண்டு மனம் நொந்தார். கித்தான் துணியில் அரக்குப் பூசி இறுக்கிய ஒரு கவசத்தைச் செய்வித்தார். முதலில் அதை ஏற்க மறுத்த பந்தயச் சங்கத்தார், 1914-இல் மான் தீவில் நடந்த பந்தயத்தில் அதைக் கட்டாயமாக்கினார்கள். ஆயினும் அது பந்தயக்காரர்களின் பொருளாகவே நின்றுவிட்டது. சாலையிற் செல்லும் சாதாரண மனிதன் அதைச் சீண்டவில்லை.

1935-ஆம் ஆண்டு மே 13-ஆம் தேதி, அரேபியாவின் லாரன்ஸ் என்று புகழ்பெற்ற டி. ஈ. லாரன்ஸ், டார்செட் பகுதியில் தம் வீட்டருகே மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். சைக்கிளில் சென்ற இரு சிறுவர்கள்மீது மோதாமலிருக்க வண்டியை ஒடித்துத் திருப்பித் தூக்கியெறியப்பட்டார். வெறுந்தலை. ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து இறந்தார். அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ், மூளை அறுவை மருத்துவர். அந்த மரணம் அவர் மனத்தை விட்டு அகலவில்லை. 1941-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் அவர் எழுதிய கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. உலகப் போரின் முதல் 21 மாதங்களில் இங்கிலாந்துச் சாலைகளில் இறந்த மோட்டார் சைக்கிள் ஓட்டிகளும் பின்னால் அமர்ந்தவர்களுமாக 2,279 பேர் என்று அவர் கணக்குக் காட்டினார். கவசத்தோடு விழுந்தவர்கள் என்று அவர் பார்வைக்கு வந்தவர் ஏழே பேர், எழுவரும் பிழைத்தவர்கள். அவ்வாண்டு நவம்பரில் இராணுவத் தூதோட்டிகளுக்குக் கவசம் கட்டாயமாயிற்று. பொதுமக்களுக்கு அச்சட்டம் வந்தது 1973-இல்தான். மருத்துவர் மெய்யை நிறுவியதற்கும் மக்கள் தலையில் அது ஏறியதற்கும் இடையில் 32 ஆண்டுகள் கழிந்தன. நம்மவர் மட்டுமே பிடிவாதக்காரர் என்று சொல்வோர் இதை நினைவிற் கொள்ளவேண்டும்.

1953-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் லொம்பார்டு பெற்ற காப்புரிமைதான் இன்றைய கவசத்துக்கு வழிவகுத்தது. வெளியே கடினமான ஓடு. உள்ளே நசுங்கும் நுரை. நாம் தெர்மோகோல் என்று கூறும் பொருளின் இனமே இன்று உள்ளே இருப்பது. மோதும்போது அந்த நுரை நசுங்கி, தலை திடீரென்று நிற்பதைச் சற்றே தாமதப்படுத்துகிறது. அந்தக் கணநேரத் தாமதமே உயிரைக் காக்கிறது. ஒருமுறை நசுங்கிய நுரை மறுபடி எழும்பாது. ஆகையால் அடிபட்ட கவசத்தை மீண்டும் அணிவதில் பயனில்லை.

நம் நாட்டில் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு தலைக்கவசத்தை வலியுறுத்துகிறது. 2007-இல் தமிழ்நாட்டில் அது கண்டிப்புடன் நடைமுறைக்கு வந்தது, பின் தளர்ந்தது, 2015 ஜூலை முதல் தேதியிலிருந்து உயர்நீதிமன்ற ஆணையால் மீண்டும் இறுகியது.

அந்த 2007-இல் நான் தலைமையாசிரியன். ஆசிரியர் பலர் வெளியூரிலிருந்து வண்டியில் வருபவர்கள். மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்று கணக்கிட்டு, பள்ளிக்கு நாற்காலி வாங்குவதுபோல ஒரே அளவில் பன்னிரண்டு கவசங்கள் வாங்கி எல்லோருக்கும் கொடுத்தேன். என் செயலை நானே மெச்சிக்கொண்டேன். தஞ்சாவூரிலிருந்து வடுவூர் வழியாக மன்னார்குடிப் பக்கம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் நாள்தோறும் வந்துபோகும் இளந் தமிழாசிரியர் ஒருவர் எங்களிடம் இருந்தார். சிறிய தலை. "ஐயா, இது சற்று ஆடுகிறது" என்று அவர் தயங்கிச் சொன்னபோது, "வாரை இழுத்துக் கட்டுங்கள், தம்பி" என்று சொல்லி அனுப்பினேன். வார் இறுகினால் தொண்டை நோகிறது. ஆகவே அவர் தளர்த்தியே கட்டினார் என்பது பிறகுதான் எனக்குத் தெரியும்.

தை மாதம். சாலையின் பாதியில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. குவியலைச் சுற்றி அணையாகக் கருங்கற்களை வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். களத்துக்கு இடமில்லாத உழவனைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தி மங்கலில் முன்சக்கரம் கல்லில் ஏற, வண்டி சாய்ந்தது. தலை தரையைத் தொடுமுன் கவசம் கழன்று வயலில் உருண்டுவிட்டது. எட்டு மாதங்கழித்து அவர் பள்ளிக்குத் திரும்பினார். பாடம் நடத்தினார், செய்யுள் ஒன்றும் மறக்கவில்லை. மணம் மட்டும் அவருக்குத் தெரியவில்லை. பள்ளிக்குப் பின்புறம் புதுநெல் அவியும் நாளில் நாங்கள் மூச்சை இழுத்து நிற்க, அவர் எங்கள் முகங்களைப் பார்த்துச் சிரித்துக்கொள்வார். ஒரு நாளும் என்னைக் கடிந்து ஒரு சொல் சொன்னதில்லை. அது எனக்கு மேலும் கடினமாக இருந்தது.

அதன்பிறகே தலைக்கவசத்தை நான் மாணவனைப்போலப் படித்தேன். புருவத்துக்குச் சற்று மேலே, பின்தலையின் மிகப் பருத்த பகுதியைச் சுற்றி நாடாவால் அளக்கவேண்டும். சுற்றளவு ஒன்றாயிருந்தாலும் ஒருவர் தலை நீளம், மற்றவர் தலை உருண்டை. ஆதலால் அளவு எண்ணை மட்டும் நம்பக் கூடாது. அணிந்து வாரைப் பூட்டியபின், பின்புறமாகக் கையைக் கொடுத்து முன்னோக்கித் தள்ளினால் கழலக் கூடாது. பக்கவாட்டில் திருப்பினால் கன்னத்துத் தோலும் கூடவே திரும்பவேண்டும். புதிதில் சற்று இறுக்கமாயிருப்பது நல்லது, பஞ்சு நாளடைவில் அமுங்கும். ஆனால் நெற்றியில் ஓரிடத்தில் மட்டும் அழுத்துவது வேறு. கடையில் ஐந்து நிமிடத்தில் அது தெரியாது. இருபது நிமிடம் அணிந்திருந்தால் தெரியும். நீண்ட பயணத்தில் அந்த ஓரிடமே தலைவலியாகும். தலைவலி வந்தவன் கவசத்தைக் கழற்றிப் பெட்ரோல் தொட்டியின்மேல் வைத்துக்கொள்வான். சுகம் என்பதை ஆடம்பரமாக எண்ணிய என் தவறு இங்கேதான் இருந்தது.

வெப்பத்தையும் மறக்கலாகாது. அக்கினி நட்சத்திரத்தில் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் காத்திருந்தவர்களுக்கு அது தெரியும். முன்புறத் துளைவழி புகுந்த காற்று பின்புறத் துளைவழி வெளியேறவேண்டும். உள்துணி கழற்றித் துவைக்கத் தக்கதாயிருக்கவேண்டும். நம் தட்பவெப்பத்துக்கேற்ற இலேசான கவசம் வேண்டுமென 2018-இல் ஒரு குழு பரிந்துரைத்தது. 2021 ஜூன் முதல் தேதியிலிருந்து ஐ.எஸ். 4151 என்ற தரமும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இல்லாத கவசத்தை விற்கக் கூடாது. சாலையோரத்தில் குவித்து விற்கும் மலிவுச் சட்டிகளில் முத்திரை ஒட்டியிருந்தாலும், உள்ளே நுரை இருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்ப்பது என் வழக்கம்.

சென்ற ஆண்டு என் பேத்திக்குத் திருவாரூரில் வேலை கிடைத்தது. கீழவீதியில் தையற்காரரிடம் நாடாவை இரவல் வாங்கிக்கொண்டு இருவரும் கடைக்குப் போனோம். அளவு 54 சென்டிமீட்டர். முதலில் எடுத்தது நெற்றியில் அழுத்தியது, இரண்டாவது ஆடியது, மூன்றாவது தள்ளியவுடன் கழன்றது. நான்காவதை அணிந்துகொண்டு அவள் கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்தாள். கடைக்காரர், "மாப்பிள்ளைக்குத் தலைப்பாகை பார்ப்பதுபோல் பார்க்கிறீர்களே, சார்" என்று நகைத்தார். நான் கடிகாரத்தை எடுத்து மேசைமேல் வைத்தேன். இருபது நிமிடம் ஆயிற்று. "நோகிறதா, அம்மா?" என்று கேட்டேன். உள்ளேயிருந்து "இல்லை, தாத்தா" என்றாள். பணத்தைக் கொடுத்தோம்.