சுழியைத் தேடும் சுருள்

புதுச்சேரிக் கடற்கரையின் பழைய கலங்கரை விளக்கம் முதன்முதலாக எரிந்தது 1836 ஜூலை 1 அன்று. அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்புதான் லண்டனில் மைக்கேல் ஃபாரடே, கம்பிச்சுருளுக்குள் காந்தத்தை நுழைத்து எடுத்தால் மின்சாரம் பிறப்பதைக் கண்டறிந்திருந்தார். இந்த இரண்டுக்கும் தொடர்பு உண்டு. விளக்கு ஏற்றப்படும் வரை, இரவில் இந்தக் கரையைத் தேடி வந்த மாலுமிக்குப் பெரிய துணை காந்த ஊசி. ஃபாரடேயின் சுருளோ, அந்த ஊசியை ஆட்டுவிக்கும் பூமியின் காந்தத்தையே அளக்கப் புதிய வழி திறந்தது.

புதுச்சேரியில் கப்பல் ஒதுங்க இயற்கையான குடா கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட, சலங்கு எனும் படகுகள் அலை தாண்டிப் போய்ச் சரக்கையும் ஆட்களையும் இறக்கி வந்தன. 1768 மார்ச் 27 அன்று அப்படிக் கரையேறியவர்களில் ஒருவர் கியோம் லெ ஜென்டி என்ற பிரெஞ்சு வானியலாளர். 1761-இல் ஆங்கிலேயர் இடித்துத் தள்ளிய கோட்டையின் சிதைவுகள் மீது, கவர்னர் ழான் லா தெ லோரிஸ்தோன் அவருக்கு ஓர் ஆய்வகம் கட்டித் தந்தார். சூரியனை வெள்ளி கடப்பதைப் பார்ப்பதற்காக லெ ஜென்டி அதற்குள் எட்டு ஆண்டுகளைக் கொடுத்திருந்தார். 1769 ஜூன் 4 காலை மேகம் மூடிக்கொண்டது. வெள்ளி கடந்து முடிந்த பிறகே வெயில் வந்தது. அந்தக் காலை இந்த நகரத்தின் வரலாற்றிலேயே மிகத் துயரமான காலைகளில் ஒன்று என்று நான் நினைக்கிறேன்.

லெ ஜென்டியின் காலத்தில் பூமியின் காந்தத்தை அளக்க ஊசியை விட்டால் வேறு வழியில்லை. கிடைமட்டமாகச் சுழலும் ஊசி வடக்கைக் காட்டும். அதே ஊசியைச் செங்குத்தாகச் சுழலும்படி அச்சில் பொருத்தினால், பூமியின் காந்தப்புலம் தரையை நோக்கி எவ்வளவு சாய்கிறது என்பதைக் காட்டும். காந்தச் சரிவு என்று நம் பாடப்புத்தகங்கள் சொல்வது இதைத்தான். பாரிஸில் இந்தச் சரிவு அறுபது டிகிரிக்கு மேல். புதுச்சேரியில் பத்து டிகிரிகூட இல்லை. தெற்கே போகப் போக அது குறைந்து, திருவனந்தபுரத்தை ஒட்டிய காந்த நடுக்கோட்டில் ஊசி படுத்தே விடும்.

ஆகவே தென்னிந்தியா காந்த ஆய்வாளர்களை இழுத்ததில் வியப்பில்லை. 1837-இல் சுவாதித் திருநாள் மன்னர் திருவனந்தபுரத்தில் தொடங்கிய வானாய்வகத்தின் தலைவர் ஜான் கால்டகாட், சென்னை வானாய்வகத்தின் டி. ஜி. டெய்லருடன் சேர்ந்து தென்னிந்தியாவில் காந்தத்தின் திசையையும் வலிமையையும் அளந்தார். அந்த அளவீடுகள் 1839-இல் சென்னையில் அச்சாயின. கால்டகாட்டுக்குப் பின் வந்த ஜான் ஆலன் புரவுன், 1855-இல் அகத்தியர் மலை உச்சிக்கே கருவிகளைக் கொண்டுபோய் ஆய்வகம் அமைத்தார்.

ஊசியின் குறை அதன் அச்சில்தான் இருந்தது. எவ்வளவு மெருகேற்றினாலும் உராய்வு முழுதாகப் போகாது. ஊசி நிற்க வேண்டிய இடத்துக்குச் சற்று முன்னோ பின்னோ நின்றுவிடும். அதனால் ஊசியைப் புரட்டிப் போட்டு, அதன் காந்த முனைகளையே மாற்றித் தேய்த்து, திரும்பத் திரும்ப அளந்து சராசரி எடுத்தார்கள். சரிவே சில டிகிரிதான் என்னும் இந்தக் கரையில் ஒவ்வொரு பிழையும் பெரிதாகத் தெரிந்தது.

இதற்கு விடை ஜெர்மனியின் கோட்டிங்கனிலிருந்து வந்தது. கணித மேதை காஸின் தோழர் வில்ஹெல்ம் வெபர், 1830-களின் இறுதியில் ஊசிக்குப் பதில் கம்பிச்சுருளைக் கையில் எடுத்தார். பூமியின் காந்தப்புலத்தில் சுருளைச் சுழற்றினால் அதன் ஊடே செல்லும் காந்தப் பாயம் மாறும், மின்னோட்டம் பிறக்கும். பின்னாளில் இந்த முறை இன்னும் நேர்த்தியானது. சுருள் சுழலும் அச்சையே சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். அச்சு காந்தப்புலத்தின் திசையோடு சரியாக ஒன்றிவிட்டால், சுருள் எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் பாயம் மாறாது. மின்னோட்டத்தைக் காட்டும் கால்வனோமீட்டரின் முள் சுழியில் நிற்கும். அப்போது அச்சின் சாய்வுதான் காந்தச் சரிவு.

கணக்கிட்டுப் பார்த்தால் இதன் நுட்பம் புரியும். புதுச்சேரியில் காந்தப்புலம் சுமார் 41,000 நானோடெஸ்லா. துருவங்களருகே 60,000-ஐத் தாண்டும். 5 செ.மீ. ஆரமும் 1,000 சுற்றுகளும் கொண்ட சுருளை, புலத்துக்குக் குறுக்கான அச்சில் வினாடிக்குப் பத்து முறை சுழற்றினால், அதிகபட்சம் 20 மில்லிவோல்ட் பிறக்கும். அச்சு புலத்தோடு ஒன்றாமல் ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு விலகி இருந்தாலும் சில மைக்ரோவோல்ட் கிடைக்கும், நல்ல கால்வனோமீட்டர் அதைக் காட்டிக்கொடுக்கும். மின்னோட்டத்தின் அளவைத் துல்லியமாகச் சொல்லத் தேவையில்லை. இருக்கிறதா இல்லையா என்று தெரிந்தால் போதும். அச்சு உராய்வும் இங்கே பொருட்டில்லை. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் உலகின் காந்த ஆய்வகங்களில் சரிவு ஊசியின் இடத்தை இந்தச் சுருள் பிடித்துக்கொண்டது.

அதே மின்சாரம் ஆய்வகங்களுக்குப் பகையாகவும் வந்தது. பம்பாயில் டிராம் வண்டிகள் மின்சாரத்துக்கு மாறவிருந்ததால், கொலாபாவின் காந்த ஆய்வகத்தை அலிபாகுக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. இயக்குநர் என். ஏ. எஃப். மூஸ் 1904 முதல் சில காலம் இரண்டு இடங்களிலும் ஒரே நேரத்தில் அளந்து, பழைய பதிவுகளின் தொடர்ச்சி அறுந்துபோகாமல் காத்தார். அந்தப் பொறுமைக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

நம் பக்கம் 1957-இல், சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டையொட்டி, அண்ணாமலைநகரில் காந்த ஆய்வகம் வந்தது. பிறகு 1990-களில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் புதுச்சேரியில் தன் ஆய்வகத்தை நிறுவியது. இன்றைய ஆய்வகங்களின் கருவிகளுக்குப் பெயர்கள் புதியவை. உள்ளே இருப்பது சுருளேதான். ஃப்ளக்ஸ்கேட் கருவியில் மாறுமின்னோட்டத்தால் காந்தமாக்கப்படும் உலோக உள்ளகத்தைச் சுற்றிய சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. அந்தக் கருவியைக் கோணம் அளக்கும் தியோடலைட்டின் தொலைநோக்கி மீது பொருத்தி, அளவு சுழியாகும் வரை திருப்புகிறார்கள். புரோட்டான் காந்தமானியில் அணுக்கருக்களின் சுழலசைவு சுருளில் மின்துடிப்பை எழுப்புகிறது. புதுச்சேரியின் புலத்துக்கு அது வினாடிக்குச் சுமார் 1,750 துடிப்பு.

இத்தனை நுட்பமாக இங்கே அளப்பதற்குக் காரணம் வானில் இருக்கிறது. காந்த நடுக்கோட்டுக்கு மேலே, 100 முதல் 110 கி.மீ. உயரத்தில், பகல் நேரத்தில் ஒரு மின்னோடை கிழக்கு நோக்கிப் பாய்கிறது. 1963 நவம்பர் 21 அன்று திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியதும் அந்த இடம் காந்த நடுக்கோட்டில் இருந்ததால்தான். திருநெல்வேலி ஆய்வகம் இந்த ஓடைக்கு நேர் கீழே. அலிபாக் அதற்கு வெகு வெளியே. அலிபாகின் அளவைத் திருநெல்வேலியின் அளவிலிருந்து கழித்தால் ஓடையின் வலிமை தெரியும். புதுச்சேரியோ அதன் வடக்கு ஓரத்தில் இருக்கிறது. ஓடை எங்கே தேய்கிறது என்பதை இங்கிருந்து பார்க்க முடியும்.

மேலே மின்னோட்டம் மாறும்போது பூமிக்குள்ளும் கடலுக்குள்ளும் எதிர்மின்னோட்டம் தூண்டப்படுகிறது. ஃபாரடேயின் சுருள் வேலையை இங்கே உப்புநீரும் பாறையும் செய்கின்றன. தென்னிந்திய ஆய்வகங்களின் பதிவுகளை 1970-களில் அலசியவர்கள், செங்குத்துப் புலம் எதிர்பாராத விதத்தில் துள்ளுவதைக் கண்டார்கள். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே, பாக் நீரிணையின் ஒடுங்கிய வழியில் தூண்டல் மின்னோட்டம் நெருக்கிக்கொண்டு ஓடுவதே காரணம் என்று விளக்கினார்கள். நீரிணைக்கு அடியிலுள்ள பாறைகளும் வழக்கத்துக்கு மேல் மின்கடத்துகின்றன என்ற கருத்தும் அதிலிருந்து எழுந்தது.

(தொடரும்)