காலியிடம் யாருடையது? நியமனம் முதல் இடைத்தேர்தல் வரை



நினைவுச் சொற்பொழிவு என்றால் பெரிய விஷயத்தைப் பேசுவார்கள் என்று வந்திருப்பீர்கள். நான் ஒரு சின்னக் கேள்வியோடு வந்திருக்கிறேன். சட்டமன்றத்திலோ நாடாளுமன்றத்திலோ ஓர் இடம் நடுவழியில் காலியானால் அதை யார், எப்போது, எப்படி நிரப்புகிறார்கள்?

2018இல் தென்மாவட்டத் தனித்தொகுதி ஒன்றில், சேரியின் சுடுகாட்டுப் பாதைக்காக மனு எழுதிக்கொண்டிருந்தோம். கலெக்டர், தாசில்தார் என்று வரிசையாகப் பெயர் போட்டுக்கொண்டு வந்தோம். எம்.எல்.ஏ. என்ற வரி வந்ததும் ஒரு பெரியவர், "அத விட்டுடுப்பா, அவருதான் இல்லையே" என்றார். மனுவில் அந்த வரியை அடித்தோம். அது என் மனதில் தங்கிவிட்டது.

அப்போது தமிழ்நாட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது? 2017 செப்டம்பர் 18 அன்று 18 சட்டமன்ற உறுப்பினர்களைப் பேரவைத் தலைவர் தகுதிநீக்கம் செய்தார். வழக்கு உயர்நீதிமன்றத்துக்குப் போனது. இடைத்தேர்தல் அறிவிக்கக் கூடாது என்று இரண்டே நாளில் தடை வந்தது. 2018 ஜூனில் இரண்டு நீதிபதிகள் இருவேறு தீர்ப்புச் சொன்னார்கள். மூன்றாவது நீதிபதி அக்டோபரில் தகுதிநீக்கம் செல்லும் என்றார். வாக்குப்பதிவு 2019 ஏப்ரல் 18 அன்றுதான். ஓட்டப்பிடாரத்துக்கும் அரவக்குறிச்சிக்கும் இன்னும் ஒரு மாதம் கழித்து, மே 19.

இதைப் பற்றி நிறையப் பேசினார்கள், ஆட்சி நிற்குமா கவிழுமா என்று. ஆனால் அந்தப் பட்டியலைத் தொகுதிவாரியாக எடுத்துப் பார்த்தவர்கள் குறைவு. பூந்தமல்லி, குடியாத்தம், அரூர், நிலக்கோட்டை, பெரியகுளம், மானாமதுரை, பரமக்குடி, ஓட்டப்பிடாரம். 18இல் 8 தனித்தொகுதிகள். 234 இடங்களில் பட்டியல் சாதிக்கு ஒதுக்கியவை 44. ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. காலியான இடங்களில் மட்டும் பாதிக்கு நெருக்கமாக நாம் இருந்தோம். கட்சிக்குள் தனக்கென்று சாதிப் படையோ பணப் படையோ இல்லாத தனித்தொகுதி உறுப்பினர், தலைமை போனதும் யாராவது ஒருவருடைய நிழலில் ஒதுங்கவேண்டியிருக்கிறது. நிழல் விழுந்தால் அவரும் விழுகிறார். இது என் வாசிப்பு, மறுப்பவர்கள் மறுக்கலாம். அந்த உத்தரவில் கையெழுத்திட்ட பேரவைத் தலைவரும் அவினாசித் தனித்தொகுதியில் வென்றவர்தான். ஆகவே இதைத் தனிமனிதர்களின் நல்லெண்ணக் கணக்காகப் பார்த்துப் பயனில்லை.

நமக்கான இருக்கையை நிரப்புகிற கை யாருடையது என்பது பழைய கேள்வி. சென்னை சட்டமேலவையில் எம்.சி. ராஜாவும் இரட்டைமலை சீனிவாசனும் உட்கார்ந்தது தேர்தலில் வென்று அல்ல, நியமனத்தில். 1924இல் பொதுச்சாலையிலும் பொதுக்கிணற்றிலும் நம் மக்கள் புழங்கும் உரிமைக்காக இரட்டைமலையார் தீர்மானம் கொண்டுவந்தார். நியமன உறுப்பினர் என்பதால் அந்தக் குரல் சிறியதாகிவிடவில்லை. ஆனால் அந்த நாற்காலி ஆளுநர் தந்தது. அடுத்த முறை யாருக்கு என்பதும் அவர் முடிவு.

1932இல் தனி வாக்காளர் தொகுதி கிடைத்தது. இரண்டு மாதம் கடப்பதற்குள் புனா ஒப்பந்தம் அதை எடுத்துக்கொண்டது. மாகாண சபைகளில் 148 இடங்கள், ஆனால் கூட்டு வாக்காளர் தொகுதி. எண்ணிக்கை கூடியது. தேர்ந்தெடுக்கும் அதிகாரம் பெரும்பான்மையின் கைக்குப் போனது.

1946இல் அரசியல் நிர்ணய சபைக்கு மாகாண சட்டமன்றங்கள் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தன. பம்பாயில் பாபாசாகேபுக்கு வழி இல்லை. அங்கே காங்கிரஸ் பெரும்பான்மை. ஜோகேந்திரநாத் மண்டலும் வங்காளத்துத் தோழர்களும்தான் அவரை அங்கிருந்து அனுப்பினார்கள். தேசம் பிரிந்தபோது அந்த இடம் போய்விட்டது. அப்போது பம்பாயில் எம்.ஆர். ஜெயகர் விலகியதால் ஓர் இடம் காலியாக இருந்தது. 1947 ஜூன் 30 அன்று ராஜேந்திர பிரசாத், பம்பாய் பிரதமர் பி.ஜி. கேருக்குக் கடிதம் எழுதினார். ஜூலைக் கூட்டத்தொடருக்குள் அம்பேத்கரைத் தேர்ந்தெடுத்து அனுப்பச் சொன்னார். அனுப்பினார்கள். ஆகஸ்ட் இறுதியில் அவர் வரைவுக்குழுத் தலைவர்.

நம் மேடைகளில் இந்த இடத்தைப் பெருமையோடு கடந்துவிடுகிறோம். கொஞ்சம் நின்று பார்க்கச் சொல்கிறேன். அரசியல் சட்டத்தை எழுதப்போகிறவர் உள்ளே வந்தது ஒரு காலியிடத்தின் வழியாக. அந்தக் கதவைத் திறந்தது அவரை எதிர்த்து நின்ற கட்சி. அதற்கு அவர் தேவைப்பட்டார், திறந்தது. தேவைப்படாதபோது?

1952இல் வடக்கு பம்பாயில் அதே கட்சி அவரைத் தோற்கடித்தது. மாநிலங்களவைக்குப் போனார். 1954இல் பண்டாரா மக்களவைத் தொகுதியில் இடைத்தேர்தல் வந்தது. அது இரட்டை உறுப்பினர் தொகுதி: ஒரு பொது இடம், ஒரு தனி இடம். இரண்டும் காலி. ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு ஓட்டு. பொது இடத்தில் காங்கிரசை வீழ்த்திச் சோஷலிஸ்ட் அசோக் மேத்தா வென்றார். தனி இடத்தில் காங்கிரசின் போர்க்கர் வென்றார். பாபாசாகேப் எட்டாயிரத்துச் சொச்சம் ஓட்டில் தோற்றார். வாக்காளர்கள் அவர்களேதான், நாளும் அதேதான். ஆளுங்கட்சி வேண்டாம் என்று ஒரு கை குத்திய ஓட்டு, தனி இடத்துக்கு வந்ததும் திசை மாறியிருக்கிறது. புனாவில் அவர் எதற்கு அஞ்சினாரோ அது பண்டாராவில் அவர் மேலேயே எண்ணிக் காட்டப்பட்டது. இரட்டை உறுப்பினர் தொகுதிகளை 1961இல் ஒழித்தார்கள். கூட்டு வாக்காளர் முறை அப்படியே இருக்கிறது.

சட்டமன்றத்தைவிட்டு ஊராட்சிக்கு இறங்கினால் காலியிடமே ஆயுதமாகிவிடுவதைப் பார்க்கலாம். மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. சில தேர்தல்களில் வேட்புமனுத் தாக்கல் செய்ய ஆளே வராதபடி பார்த்துக்கொண்டார்கள். சிலவற்றில் தங்களுக்கு வேண்டிய தலித் ஒருவரை நிறுத்தி வெல்லவைத்து, உடனே ராஜினாமா எழுதி வாங்கினார்கள். மறுபடி காலி, மறுபடி தேர்தல். பத்தாண்டு இப்படி ஓட்டினார்கள். 2006 அக்டோபரில்தான் அங்கே தலைவர்கள் பொறுப்பில் நிலைத்தார்கள். மேலவளவில் ராஜினாமா கேட்டு நிற்கவில்லை. தலைவர் முருகேசனையும் உடனிருந்தவர்களையும் 1997 ஜூனில் வெட்டிக் கொன்றார்கள்.

சட்டம் ஏதும் சொல்லவில்லையா? மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 151ஏ பிரிவு இருக்கிறது, 1996இல் சேர்த்தது. காலியான ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடத்தவேண்டும். பதவிக்காலம் ஓராண்டுக்கும் குறைவாக மீதமிருந்தால் வேண்டாம். மத்திய அரசைக் கலந்து, நடத்துவது கடினம் என்று ஆணையம் சான்றளித்தாலும் வேண்டாம். நீதிமன்றத் தடை வந்தால் கடிகாரம் நின்றுவிடுகிறது. 2017இல் தடை கேட்டவர்கள் பதவி இழந்தவர்கள். அவர்களுடைய உரிமையைக் காக்கத் தடை வந்தது, அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் பரமக்குடி வாக்காளர் அந்த வழக்கில் எந்தப் பக்கத்திலும் இல்லை. இருபது மாதம் பேசுவதற்கு ஆளில்லாமல் இருந்தவர் அவர்.

இடைத்தேர்தல் வந்தால்தான் ரோடு வரும், எம்.எல்.ஏ. போனால் நல்லது என்று டீக்கடையில் சிரிக்கிறோம். திருமங்கலத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்புக்கு விலையும் ஏறிவிட்டது. ஒரே தொகுதியில் மொத்த அமைச்சரவையும் முகாமிடும்போது, சேரியின் ஓட்டுத்தான் முதலில் கணக்கிடப்படுகிறது, முதலில் மிரட்டவும்படுகிறது. இதற்கு மாற்றாக, வென்ற கட்சியே அடுத்த ஆளை நியமிக்கட்டும் என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். செலவு மிச்சம்தான். ஆனால் ஆளுநரிடமிருந்து பிடுங்கிய பேனாவைக் கட்சித் தலைமையிடம் கொடுப்பதற்கா நூறு வருடம் போராடினோம்? இடைத்தேர்தலே இருக்கட்டும். வழக்கு இருந்தாலும் இந்த நாளுக்குள் முடித்தே ஆகவேண்டும் என்று தகுதிநீக்க வழக்குகளுக்குக் கெடு வேண்டும். தனித்தொகுதியின் காலியிடம் பற்றிய வழக்கில் தொகுதி மக்களுக்கும் தங்கள் தரப்பைச் சொல்ல இடம் வேண்டும். மாணவ நண்பர்கள் யாராவது 1952 முதல் தமிழ்நாட்டுத் தனித்தொகுதிகள் எத்தனை நாள் ஆளில்லாமல் கிடந்தன என்று ஒரு கணக்கு எடுங்கள். ஒரு எம்.ஃபில். ஆய்வுக்கு மேல் அதில் வேலை இருக்கிறது.

அந்தச் சுடுகாட்டுப் பாதை மனுவை 2019 ஜூனில் மறுபடி எழுதினோம். பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, அடித்திருந்த அந்த வரியை முதலில் எழுதச் சொன்னார்.